அடுத்தென்ன அக்கா

அந்தப் பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பதவிப் பெயர் ஒன்று இருந்தது. 'படிப்பறைப் பொறுப்பாளர்' என்று கதவில் எழுதி ஒட்டியிருந்தார்கள். அதை யாரும் வாயால் சொல்லிக் கேட்டதில்லை. பிள்ளைகளுக்கு அவள் 'அடுத்தென்ன அக்கா'. எதைச் சொன்னாலும் அவள் திருப்பிக் கேட்பது அது ஒன்றைத்தான். "அக்கா, புத்தகத்தை எடுத்துட்டேன்." "சரி, அடுத்து என்ன?" "அக்கா, தண்ணி குடிச்சிட்டு வந்துட்டேன்." "நல்லது, அடுத்து என்ன?" காதல் முறிந்து அழுதுகொண்டு வந்த ஒருத்தியிடமும் மூக்கைத் துடைத்துவிட்டு இதையே கேட்டாளாம். பிள்ளைகள் கட்டிவிட்ட கதையாக இருக்கலாம். ஆனால் கேட்கக்கூடியவள்தான்.

வேதியியல் கூடத்துக்குப் பின்னால், முன்பு உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைத்திருந்த அறை அது. ஒற்றை ஜன்னல். மேஜைகள் எல்லாம் சுவரைப் பார்த்துக் கிடக்கும். அவள் மேஜையில் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. உள்ளே வருகிறவர்களின் போன் எல்லாம் அதற்குள் போய்விடும். பக்கத்தில், சமையலறையில் வைக்கிற, முறுக்கிவிட்டால் டிக்டிக்கென்று ஓடி மணியடிக்கிற டைமர்.

அவள் எந்தப் பாடமும் நடத்தியதில்லை. கணக்கில் அவளுக்குக் கழித்தலே தகராறு. ஆசிரியர்கள் கைகழுவிவிட்ட பிள்ளைகள் சாயங்காலம் வகுப்பு விட்டதும் அங்கே வருவார்கள். வீட்டுப்பாடத்தை உட்கார்ந்து ஒழுங்காக எழுதிவிட்டு, பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு, கொடுக்க மறந்து முட்டை வாங்குகிறவன். நாளைக்குப் பரீட்சை என்பது நாளைக்குத்தான் தெரியவருகிறவள். ஸ்கேலும் கலர் பேனாவுமாகப் பொழுதெல்லாம் உட்கார்ந்து அழகான டைம்டேபிள் போட்டுவிட்டு, அந்தக் களைப்பில் படுத்துவிடுகிறவன். இந்தக் கடைசி ஆசாமிக்காகவே அறைக்குள் கலர் பேனாவுக்குத் தடை. "மெனு கார்டைப் படிச்சா வயிறு நிறைஞ்சிடுமாடா?" என்பாள்.

இவர்களையெல்லாம் சேர்த்துச் 'சோம்பேறி' என்று ஒரே வார்த்தையில் கட்டிவிடுவது சுலபம். அந்த வார்த்தையைக் கண்டுபிடித்த ஆள் அக்காவின் கையில் கிடைத்திருந்தால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பான். செய்ய மனமில்லாதவன் விசிலடித்துக்கொண்டு விளையாடப் போய்விடுவான். இவர்கள் போவதில்லை, புத்தகத்தின் முன்னால் உட்கார்ந்து செத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அவள் ஆசிரியர் அறையிலேயே ஒருமுறை சத்தம் போட்டிருக்கிறாள்.

முதலில் பையைத் தரையில் கொட்டச் சொல்வாள். அழுகிய வாழைப்பழத்திலிருந்து போன வருஷத்து விடைத்தாள் வரை வெளியே வரும். பிறகு என்ன படிக்க வேண்டும் என்று கேட்பாள். "வரலாறு" என்று பதில் வந்தால் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

"அது மலை. மலையை யாரு தூக்குவா? கல்லைச் சொல்லு."

"முதல் பாடம்."

"இன்னும் சின்னக் கல்."

"முதல் பக்கம்."

"இன்னும்."

"புத்தகத்தைத் திறக்கிறேன்க்கா."

"ஆங்! அதான் கல்லு. திற."

அவளுடைய இன்னொரு வழக்கம் நாற்காலி. புதிதாக வந்த பிள்ளையின் தோளை ஒட்டி நாற்காலியைப் போட்டு உட்காருவாள். பழகப் பழக அது முதுகுக்குப் பின்னால் போகும். அப்புறம் கதவோரம். அப்புறம் கதவுக்கு வெளியே தாழ்வாரம். அதற்கப்புறம் நாற்காலியே கிடையாது; பிள்ளை தானாக வரும், பையைத் திறக்கும், முடிக்கும், போகும். ஒரே நாற்காலியை அத்தனை பேருக்கும் இழுத்துக்கொண்டே திரிவாள். யாருக்கு எவ்வளவு தூரம் என்பது அவளுக்கு மனப்பாடம். "எனக்குக் கதவுகிட்ட போயாச்சு, உனக்கு?" என்று பிள்ளைகள் தங்களுக்குள் பீற்றிக்கொள்வார்கள்.

இதையெல்லாம் அவள் கற்றது ஆஸ்பத்திரியில். அப்போது அவள் அதே பள்ளியின் வேதியியல் கூடத்தில் சோதனைக் குழாய் கழுவும் உதவியாளர். அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஒருநாள் பழுது பார்க்கும்போது கால் தவறி லிஃப்ட் பள்ளத்துக்குள் விழுந்தார். நெற்றியில் அடி. பிழைக்க மாட்டார் என்றார்கள், பிழைத்தார். நடந்தார், பேசினார், பழைய சினிமா ஜோக்குக்குச் சிரித்தார். உறவுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, கண்டம் தப்பியது என்று சந்தோஷமாகத் திரும்பிப் போனார்கள். அவர்கள் போன பிறகுதான் அவளுக்கு விஷயம் புரிந்தது. அந்த மனுஷனால் எதையும் தொடங்க முடியவில்லை. பிரஷ்ஷில் பேஸ்ட் வைத்துக் கொடுத்தால் அதைக் கையில் பிடித்துக்கொண்டு கண்ணாடி முன்னால் பிடித்து வைத்த பிள்ளையாராக நிற்பார். "பல்லைத் தேய்ங்க" என்றால் தேய்ப்பார். "போதும்" என்று சொல்லும்வரை தேய்த்துக்கொண்டே இருப்பார்.

ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்த ஒரு சின்னப் பெண்தான் அவளை உட்காரவைத்து விளக்கினாள். "வண்டி நல்லாத்தான் இருக்குக்கா. சாவிதான் தொலைஞ்சுபோச்சு. இப்போதைக்கு நீங்கதான் சாவி. ஒரு நேரத்துல ஒண்ணு மட்டும் சொல்லுங்க. ஏன் செய்யலைன்னு திட்டாதீங்க. அடுத்து என்னன்னு அவரையே கேளுங்க. கொஞ்சம் கொஞ்சமா கையை எடுத்துப் பாருங்க, சில பேருக்குத் திரும்ப வந்துடும்."

அவளும் கையை எடுத்துப் பார்த்தாள். ஒருநாள் மத்தியானம் தட்டில் சாப்பாட்டைப் போட்டு அவர் முன்னால் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் கடைக்குப் போனாள். வேண்டுமென்றே சுற்றிக்கொண்டு, தெரிந்தவர்களிடமெல்லாம் நின்று பேசிவிட்டு, பொழுது சாய்ந்து வந்தாள். தட்டு வைத்தபடியே இருந்தது. சாப்பாடு ஓரமெல்லாம் காய்ந்து ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. அவர் கை இரண்டும் தொடைமேல் இருந்தன. நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை.

"பசிக்குதும்மா" என்றார்.

அவள் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் அழுதாள். அதன் பிறகு அவரிடம் அந்தப் பரீட்சையை வைத்ததே இல்லை. எழுந்திரிங்க, சட்டை போடுங்க, சாப்பிடுங்க, படுங்க. வேலைக்குப் போகும் நேரத்தில் பக்கத்துத் தெருவிலிருந்து அவருடைய தங்கை வந்து இதையே சொல்லிக்கொண்டிருப்பாள்.

கொஞ்ச நாளில், வேதியியல் கூடத்தில் செய்முறைத் தேர்வின்போது ஒரு பையன் குடுவைகளைப் பார்த்துக்கொண்டு அதே மாதிரி உட்கார்ந்திருந்ததை அவள் பார்த்தாள். பக்கத்தில் போய், "முதல்ல ஸ்டாண்டை மட்டும் எடு" என்றாள். அவன் எடுத்தான். "அடுத்து என்ன?" என்றாள். அவன் முடித்தே விட்டான். தலைமையாசிரியை இதைக் கவனித்துவிட்டு உடைந்த பெஞ்சுகளைக் காலி செய்யச் சொல்லி அவளுக்கு அந்த அறையைக் கொடுத்தாள். எத்தனையோ பிள்ளைகள் அங்கிருந்து நாற்காலி இல்லாமல் வெளியே போனார்கள். ஒருத்தியைத் தவிர.

அந்த ஒருத்திக்கு வகுப்பில் வைத்த பெயர் 'அப்புறம்'. எதைக் கேட்டாலும் "அப்புறம் பண்றேன்" என்பாள். அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஊரே 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிடும். பகல் டியூட்டி, ராத்திரி டியூட்டி என்று மாறி மாறி ஓடுகிறவள். அப்பா வேறு ஊரில் வேறு குடும்பத்தோடு இருந்தார். பெண்ணுக்கு எறும்பு என்றால் உயிர். படிப்பறை ஜன்னலில் போகும் எறும்பு வரிசையைக் காட்டி, எது வேலைக்காரி, எது காவல்காரி, செத்ததை எங்கே கொண்டுபோய்ப் போடும் என்று அவள் சொல்ல ஆரம்பித்தால் மற்ற பிள்ளைகளும் பேனாவை வைத்துவிட்டுக் கேட்பார்கள். பூச்சிகளைப் பற்றிப் படிக்கிற கல்லூரி ஒன்று தூரத்து ஊரில் இருந்தது. அதில் இருந்த இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அது கிடைக்க வேண்டும். அவளுக்கு உலகத்தில் வேறு எதுவும் வேண்டாம்.

"ஏன்க்கா, எறும்புக்கு யாரு அடுத்து என்னன்னு சொல்றா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"நீ படிச்சு முடிச்சிட்டு வந்து எனக்குச் சொல்லு" என்றாள் அக்கா.

அவள் பிளஸ் டூ படித்த அந்த வருஷத்தில் நாற்காலி மெல்ல மெல்லக் கதவோரம் போய்விட்டது. மாதிரித் தேர்வுக்கு முந்தின சாயங்காலம் அக்கா கதவோரம் உட்கார்ந்து சின்னப் பிள்ளை ஒருவனின் பையைக் கொட்டவைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது 'அப்புறம்' மூடிய பேனாவைப் பிடித்தபடி அசையாமல் இருந்தாள். டைமர் மணியடித்து ஓய்ந்தது. அப்போதும் அசையவில்லை. இன்னொரு கை தொடைமேல் விழுந்து கிடந்தது. பிறகு மெதுவாகத் திரும்பினாள். அழுகை இல்லை, கோபம் இல்லை. "என்னால முடியலக்கா" என்றாள்.

கதவோரத்திலிருந்தே "அடுத்து என்ன?" என்று கேட்டுவிட்டு அக்கா வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். எத்தனையோ பிள்ளைகளிடம் அப்படித்தான் இருந்திருக்கிறாள். அரை மணி நேரம் தவித்தாலும் தவித்துவிட்டு, அதுகளாகவே பேனாவைத் திறந்திருக்கின்றன. ஆனால் அன்றைக்கு அவள் கண்ணுக்கு அந்தக் காய்ந்த தட்டுதான் தெரிந்தது. தரை கிறீச்சிட நாற்காலியை இழுத்துக்கொண்டு போய்த் தோளை ஒட்டிப் போட்டாள். "மூடியைக் கழட்டு" என்றாள். பெண் கழட்டினாள்.

அதற்குப் பிறகு நாற்காலி நகரவில்லை. காலையில் எழுப்பப் போன், ஸ்கூலுக்குக் கிளம்பப் போன், சாயங்காலம் தோள்பக்கம், ராத்திரி புத்தகத்தை மூட ஒரு போன். ராத்திரி டியூட்டிக்குப் போகும் சிஸ்டர், "நீங்க இல்லைன்னா எம்பொண்ணு இல்லைக்கா" என்று கையைப் பிடித்துக்கொள்வாள். தலைமையாசிரியை மட்டும், "நாற்காலி ஒட்டிக்கிச்சு போலிருக்கே" என்றாள்.

"பரீட்சை முடியட்டும் மேடம்."

பரீட்சை முடிந்தது. காலேஜ் சேரட்டும் என்றாள். கேட்ட கல்லூரியில் கேட்ட படிப்பே கிடைத்தது. பெண்ணின் போட்டோவைப் பள்ளி வாசலில் பெரிதாக மாட்டினார்கள். ஹாஸ்டல் பழகட்டும் என்றாள். 'அப்புறம்' என்று தள்ளிப்போடுவது இப்போது யார் என்று பார்த்தால், அக்காதான். ஒரு தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, ஒரு கையால் அடுப்பைக் கிளறிக்கொண்டு, "எந்திரிச்சியா? கால் தரையில இருக்கா? அடுத்து என்ன?" என்று தூரத்து ஊர்ப் பெண்ணை எழுப்புவாள். திரும்பி வீட்டுக்காரரைப் பார்த்து, "நீங்க சட்டையைப் போடுங்க" என்பாள். இரண்டு வேலையும் ஒரே வேலை மாதிரி ஆகிவிட்டது. அவளுக்கு உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது. வெட்கப்பட வேண்டிய பெருமை, ஆனால் இருந்தது.

மழைக்காலத்தில் அவருக்கு நெஞ்சில் சளி கட்டி, மூச்சு இழுக்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். முதலில் வார்டுக்கு வெளியே நின்று அக்கா பெண்ணுக்குப் போன் செய்தாள். பிறகு ஆக்சிஜன் வைத்தார்கள். அதோடு அக்கா போன் செய்வது நின்றுபோனது. பெண்ணிடமிருந்து ஒரு செய்தி வந்தது: அங்கிள் எப்படி இருக்காங்க? 'பரவாயில்லை. நீ பார்த்துக்கோ' என்று பதில் போட்டாள். 'சரிக்கா' என்று வந்தது. அதோடு சரி.

அவர் பிழைத்து வீட்டுக்கு வந்த பிறகும் அவள் போன் செய்யவில்லை. செய்யலாம் என்று போனை எடுப்பாள், வைத்துவிடுவாள். சத்தமில்லாமல் இருக்கிறாள் என்றால் சமாளிக்கிறாள் என்றுதானே அர்த்தம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கடைசியில் கையை எடுத்தாகிவிட்டது, தானாகவே நடந்துவிட்டது என்று நினைத்து அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

ஒரு சாயங்காலம் சிஸ்டர் யூனிபாரத்தோடு வாசலில் வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"கிளாஸுக்கே போகலையாம்க்கா. பரீட்சையும் எழுதலையாம். ரூமை விட்டே வெளிய வர்றதில்லைன்னு வார்டன் சொல்றாங்க. எங்கிட்ட போன்ல நல்லாருக்கேன் நல்லாருக்கேன்னுதான் சொன்னா." மூச்சு வாங்கினாள். "பேரை எடுக்கப்போறாங்களாம். டிபார்ட்மென்ட் தலைவர் ஒரே ஒரு தடவை நேர்ல பேசிப் பார்க்கிறேன்னு சொல்லியிருக்காரு. அதுல தவறிட்டா சீட்டு போச்சு. நீங்க வரணும்க்கா."

"வர்றேன்."

"ஏன்க்கா போன் பண்றதை நிறுத்துனீங்க?"

உள்ளே அவர் இருமுகிற சத்தம் கேட்டது. சிஸ்டர் அதைக் கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நாத்தனாரை அண்ணனுக்குக் காவல் வைத்துவிட்டு மறுநாளே போனார்கள். ஹாஸ்டல் அறையில் மூக்கைப் பொத்துகிற வாடை. துணிகள் குவிந்து கிடந்தன. வாங்கிவந்து சாப்பிட்ட பொட்டலங்கள் கட்டிலுக்கடியில் கிடந்தன. அவற்றை நோக்கி எறும்பு வரிசை ஒன்று சுவரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. பெண் கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தாள். தலைமுடி சடை பிடித்திருந்தது. நெஞ்சின்மேல் போன். அதன் சார்ஜர் ஒயர் சுவர்வரை நீண்டிருந்தது. அந்த அறையிலேயே ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளப்பட்ட பொருள் அந்தப் போன் ஒன்றுதான்.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பெண் அக்காவைப் பார்த்து எழுந்து உட்கார்ந்தாள். கண்ணில் ஒரு வெளிச்சம் வந்ததை அக்கா பார்த்தாள்.

"நீங்க கூப்பிடுவீங்கன்னு சார்ஜ் போட்டே வெச்சிருந்தேன்க்கா."

"நீ கூப்பிட்டிருக்கலாமேம்மா?"

பெண் யோசித்தாள். பொய் சொல்லாமல் யோசித்தாள். "தோணலைக்கா" என்றாள். குரலில் குறை எதுவும் இல்லை. கோபித்துக்கொண்டிருந்தால் அக்கா தாங்கியிருப்பாள்.

"குளிக்கப் போ" என்றாள் அக்கா. பெண் உடனே எழுந்து போனாள். சிஸ்டர் அழுகையை நிறுத்திவிட்டு அக்காவை நம்பிக்கையோடு பார்த்தாள். பார்த்தீங்களா, நீங்க சொன்னா செய்யறா என்கிற பார்வை. அக்காவுக்கு ஓடிவிடலாம் போலிருந்தது.

துறைத்தலைவரின் அறையில் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் வண்டுகளையும் வண்ணத்துப்பூச்சிகளையும் ஊசி குத்தி வைத்திருந்தார்கள். அவர் நல்ல மனுஷர். கண்களுக்குக் கீழே களைப்பு இருந்தது. மேஜைக்கு இந்தப் பக்கம் மூன்று நாற்காலிகளை ஒட்டி ஒட்டிப் போட்டிருந்தார்கள். பெண் நடுவில். அக்காவின் தோள் அவள் தோளை இடித்தது.

"எறும்பைப் பத்தி நீ எழுதினதை நான் கிளாஸ்ல படிச்சுக் காட்டினேன், தெரியுமா?" என்றார். "உன்னை அனுப்ப எனக்கு இஷ்டமே இல்லை. ஆனா மேல இருக்கிறவங்களுக்கு நான் ஏதாவது சொல்லணும். பெரிய வாக்குறுதி எல்லாம் வேணாம்மா. ஒண்ணே ஒண்ணு சொல்லு. நாளைக்குக் காலைல கண்ணு முழிச்சதும் முதல்ல என்ன பண்ணுவே?"

பெண் வாயைத் திறந்தாள். மூடினாள். பிறகு, வழக்கம்போல, தலையைத் திருப்பி அக்காவைப் பார்த்தாள்.

பதில் அக்காவின் நாக்கு நுனியில் இருந்தது. காலைத் தரையில வைப்பேன். அவ்வளவு சின்னக் கல். உதட்டை அசைத்தால் போதும், பெண் படித்துவிடுவாள். எத்தனை தரம் படித்திருக்கிறாள். சீட்டு தப்பிவிடும். மறுநாள் காலையில் எழுப்பப் போன் செய்ய வேண்டும். அதற்கு மறுநாளும். பெண்ணுக்கு வேலை கிடைத்த பிறகு, கல்யாணமான பிறகு, அக்காவுக்கு மூச்சு இருக்கிறவரை. அதற்கப்புறம் அந்தப் பெண் போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு படுத்திருப்பாள்.

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். மடியில் இருந்த தன் கையையே பார்த்தாள். பக்கத்தில் பெண்ணின் மூச்சு வேகமாவது கேட்டது. துறைத்தலைவர் அவசரப்படுத்தவில்லை. வெளியே யாரோ சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனார்கள்.

"அக்கா கூப்பிட்டா எந்திரிச்சிடுவேன் சார்" என்றாள் பெண்.

துறைத்தலைவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அக்காவை ஒருமுறை பார்த்தார். அதில் குற்றச்சாட்டு இல்லை, வருத்தம்தான். "அக்கா இங்க படிக்கலையேம்மா" என்றார்.

சீட்டு போய்விட்டது. உடம்பைப் பார்த்துக்கொள்ளட்டும், தேறிய பிறகு புதிதாக விண்ணப்பிக்கலாம், ஆனால் இடம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது என்றார். நல்ல டாக்டரிடம் காட்டச் சொன்னார். சிஸ்டர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வெளியே வந்து, படிக்கட்டில், பெண் முன்னால் இறங்கிப் போனதும் அக்காவின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? எத்தனை ஆயிரம் வார்த்தை சொன்னீங்க, இந்த ஒண்ணைச் சொல்ல வாய் வரலையா?"

"வந்துச்சு சிஸ்டர்."

"அப்புறம்?"

"நாளைக்கு யாரு சொல்றது?"

"நீங்கதான் சொல்லணும்! நீங்கதானே அப்படிப் பழக்குனீங்க? பழக்கிட்டு இப்ப நல்லவங்களா ஆகப் பார்க்குறீங்களா?"

சிஸ்டர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அக்கா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாதிரித் தேர்வுக்கு முந்தின அந்தச் சாயங்காலம் அரை மணி நேரம் பொறுத்திருந்தால் அந்தப் பிள்ளை தவித்து, அழுது, மூடியைத் தானே கழற்றியிருக்குமோ என்னவோ. கழற்றாமலும் போயிருக்கலாம். இனி அது யாருக்கும் தெரியப்போவதில்லை. தெரிந்துகொள்ள இருந்த ஒரே அரை மணி நேரத்தை அவள் எடுத்துக்கொண்டுவிட்டாள்.

மூன்று பேரும் பஸ்ஸில் திரும்பினார்கள். ஊர் வந்து இறங்கும்போது அக்கா பெண்ணிடம் சொன்னாள்: "நான் இனிமே கூப்பிட மாட்டேன்மா. உனக்கு வேணும்னா நீ கூப்பிடு. எப்ப கூப்பிட்டாலும் எடுப்பேன். ஆனா அடுத்து என்னன்னு கேட்க மாட்டேன்."

பெண் தலையாட்டினாள். புரிந்த மாதிரியும் இருந்தது, புரியாத மாதிரியும் இருந்தது. சிஸ்டர் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, சொல்லிக்கொள்ளாமல் போனாள்.

நாட்கள் போயின. அக்கா படிப்பறைக்குப் போனாள், பைகளைக் கொட்டவைத்தாள், நாற்காலியை இழுத்தாள். ஒவ்வொரு பிள்ளையிடமிருந்தும் கொஞ்சம் சீக்கிரமாகவே இழுத்தாள் என்று சொல்கிறார்கள். பள்ளி வாசலில் அந்தப் பெண்ணின் போட்டோ இன்னும் மாட்டியிருந்தது. கழற்றச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. அக்கா பின்பக்க வாசல் வழியாக உள்ளே போக ஆரம்பித்தாள்.

ஒருநாள் சாயங்காலம் அவள் வீட்டுக்காரருக்குத் தட்டு வைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அந்தப் பெண்தான். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

"சொல்லும்மா."

"அக்கா..."

"ம்."

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் வந்தது. பின்னால் எங்கேயோ குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. பெண் கட்டிலில் இருக்கிறாளா, நாற்காலியிலா, விளக்குப் போட்டிருக்கிறாளா, சாப்பிட்டாளா எதுவும் தெரியவில்லை. எல்லாவற்றையும் கேட்கத் துடித்த வாயை அக்கா உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள். இந்தப் பக்கம் அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு, கை இரண்டையும் தொடைமேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார். சாப்பாட்டில் இன்னும் ஆவி வந்துகொண்டிருந்தது.

அக்கா போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, "சாப்பிடுங்க" என்றாள்.

அவர் கையைத் தூக்கிச் சாப்பிட ஆரம்பித்தார்.

போனில் அது கேட்டிருக்க வேண்டும். "அங்கிளுக்கு மட்டும் சொல்றீங்கல்லக்கா" என்றாள் பெண். எப்போதும்போலக் குரலில் கோபம் இல்லை.

"ஆமாம்மா. அவருக்குச் சொல்லித்தான் ஆகணும்."

"எனக்கு?"

அக்கா போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. பெண்ணும் போனை வைக்கவில்லை. அவர் தட்டைக் காலி செய்துவிட்டு, வெறும் தட்டைப் பார்த்தபடி, "போதும், எழுந்திரிங்க" என்று அவள் சொல்வதற்காகக் காத்திருந்தார்.